வங்கிச் செக்கும் கட்டம் போட்ட சட்டையும் ஒரே குடும்பமா?

கேள்வி இதுதான். வங்கியில் கொடுக்கும் செக், சாலையில் வண்டியை மறிக்கும் செக்போஸ்ட், கட்டம் போட்ட செக்ட் சட்டை, சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக், “எதுக்கும் ஒரு தடவை செக் பண்ணிடு” என்று சொல்லும் செக். இவையெல்லாம் ஒரே சொல்லா, இல்லை ஒலி மட்டும் ஒத்துப்போகிற வேறு வேறு சொற்களா?

ஒரே சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் மேலே சொன்ன ஐந்திலும் இல்லை. அதன் பொருள் ‘அரசன்’.

பாரசீக மொழியில் அரசனுக்கு ஷா என்று பெயர். ஷாஜகான் என்ற பெயரிலும் பாதுஷா என்ற பட்டத்திலும் இருக்கும் அதே ஷா. பாரசீகர்கள் சதுரங்கம் ஆடும்போது, எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வரும்படி ஒரு காயை நகர்த்தினால் சும்மா இருந்துவிடக் கூடாது. ‘ஷா!’ என்று சொல்லிவிட வேண்டும். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று எதிராளிக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அது. அந்தக் கூப்பாடுதான் நாடு நாடாக அலைந்து, வாய்க்கு வாய் தேய்ந்து, கடைசியில் ‘செக்’ ஆனது.

எப்படித் தேய்ந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், சுவையான இடம் அது. ஆட்டம் இந்தியாவில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்று படையின் நான்கு அங்கங்களைக் குறித்து அதற்குச் சதுரங்கம் என்று பெயர். 6ஆம் நூற்றாண்டு வாக்கில் பாரசீகத்துக்குப் போய் அங்கே சத்ரங் ஆனது. அரபு மொழியில் ‘ச்’ ஒலியும் கிடையாது, ‘க்’கின் மெலிந்த ஒலியும் கிடையாது. எனவே அரபியர் அதை ஷத்ரஞ்ச் என்றார்கள். அரபியரிடமிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. அங்கே லத்தீனில் எழுதியவர்களுக்கு ‘ஷா’ ஒரு தலைவலி. லத்தீனில் ‘ஷ’ இல்லை. கடைசியில் மூச்சோடு வரும் ‘ஹ்’ அவர்கள் காதில் ‘க்’ என்று விழுந்தது. ஆகவே ‘ஷாஹ்’ என்பதை ‘ஸ்காக்குஸ்’ என்று எழுதிவைத்தார்கள்.

அடுத்தது பிரெஞ்சுக்காரர்கள் முறை. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கும் நமக்கும் ஒரு பொதுப் பழக்கம் உண்டு. நம்மில் பலர் ஸ்கூல் என்பதை ‘இஸ்கூல்’ என்றும் ஸ்டேஷனை ‘இஸ்டேஷன்’ என்றும் சொல்வோம் இல்லையா, அதே போல அவர்களுக்கும் ஒரு சொல் ‘ஸ்’ஸில் தொடங்கி உடனே இன்னொரு மெய் வந்தால் வாய் வராது. முன்னால் ஓர் ‘எ’ போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கான லத்தீன் சொல் ‘ஸ்கோலா’ அவர்களிடம் ‘எஸ்கோல்’ ஆனது. ஸ்காக்குஸும் அப்படித்தான் ‘எஸ்செக்’ ஆயிற்று. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்தில் குடியேறின. ஆங்கிலேயர்கள் அந்த முன்னொட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ‘செக்’ என்று வைத்துக்கொண்டார்கள். 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் அது பழகிய சொல்லாகிவிட்டது.

‘செஸ்’ என்ற சொல்லும் வேறொன்றில்லை, ‘செக்’கின் பன்மை. பிரெஞ்சில் ஒருமை எஸ்செக், பன்மை எஸ்செஸ். ஆங்கிலம் இரண்டையும் தனித்தனிச் சொற்களாக வாங்கிக்கொண்டது. செஸ் என்றால் உண்மையில் ‘ராஜாக்கள்’ என்று அர்த்தம். அதை ஆடும் ஆங்கிலேயரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், மொத்தக் கதைக்கும் திறவுகோல் அதுதான். ஐரோப்பியர்கள் பலகையில் நிற்கும் காயின் பெயரை மொழிபெயர்த்துவிட்டார்கள். லத்தீனில் ரெக்ஸ், பிரெஞ்சில் ருவா, ஆங்கிலத்தில் கிங். ஆனால் ஆட்டத்தின் நடுவே போடும் கூப்பாட்டை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. அதை ஒரு சத்தமாகவே எடுத்துக்கொண்டார்கள். இதனால் ‘ஷா’வுக்கும் ராஜாவுக்கும் இருந்த தொப்புள்கொடி அறுந்துபோனது. ஆங்கிலேயன் காதில் ‘செக்’ என்றால் அரசன் இல்லை. ‘ஆபத்து, நில், நினைத்தபடி இனி நகர முடியாது’. பொருள் இப்படி அவிழ்த்துவிடப்பட்டதால்தான் அந்தச் சொல் பிறகு எங்கெங்கோ மேய்ந்தது. ராஜா என்ற பொருளோடு கட்டிப் போட்டிருந்தால் அது சட்டை வரைக்கும் வந்திருக்காது.

கிளைகளுக்குப் போகும் முன் வேரைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் வேர் நமக்குப் பழக்கமான இடத்தில் இருக்கிறது. ஷா என்பது தேய்ந்த வடிவம். பழைய பாரசீகத்தில் அது ‘க்ஷாயதிய’. இன்றைய ஈரானில் பெகிஸ்தூன் மலைப் பாறையில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பேரரசன் டேரியஸ் தன்னை ‘அரசர்களின் அரசன்’ என்று செதுக்கிவைத்த இடத்தில் இந்தச் சொல் இருக்கிறது. பிற்காலத்தில் ஷாஹன்ஷா என்று வழங்கியது அதே பட்டத்தின் சுருக்கம்தான். ‘க்ஷாயதிய’வின் அடிவேர் ஆளுதல், உரிமை கொள்ளுதல். சம்ஸ்கிருதத்தில் இதே வேர் ‘க்ஷத்ர’ என்று நிற்கிறது, ஆட்சி என்ற பொருளில். அதிலிருந்து வந்தவர்கள் க்ஷத்திரியர்கள், தமிழில் சத்திரியர்கள். பாரசீகப் பேரரசில் மாகாணம் ஆண்டவர்களுக்கும் மேற்கிந்தியாவை ஆண்ட சகர்களுக்கும் இருந்த சத்ரபர் என்ற பட்டமும் அந்த வழிதான். செர்க்செஸ் என்று கிரேக்கர்கள் எழுதிவைத்த பாரசீக மன்னனின் பெயர், அவனுடைய சொந்த மொழியில் ‘க்ஷயார்ஷா’. அதன் முன்பாதியும் இதே வேர். ஆக, வங்கியில் நாம் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுக்கும் செக்கும் ‘சத்திரியன்’ என்ற சொல்லும் தூரத்துப் பங்காளிகள்.

செக்மேட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். ‘ஷா மாத்’ என்பது மூலம். பல புத்தகங்களில் இதற்கு ‘ராஜா செத்தான்’ என்று பொருள் போட்டிருப்பார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான், அதனால் வந்த விளக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சதுரங்கத்தில் ராஜா ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. நகர வழியில்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்து, கதியற்று நிற்பது. இன்றைக்கும் வாயடைத்துப்போய் நிற்கும் ஒருவரைப் பாரசீகர்கள் ‘மாத்’ என்றுதான் சொல்வார்கள். ‘ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை’ என்பதே பலகையில் நடப்பதற்குப் பொருந்துகிறது.

சரி, கிளைகள். பெரிதாக இரண்டு. ஒன்று கூப்பாட்டிலிருந்து கிளைத்தது, இன்னொன்று பலகையிலிருந்து.

கூப்பாட்டின் கிளை முதலில். ஆட்டத்தில் செக் வந்தால் நாம் திட்டமிட்டிருந்த நகர்வையெல்லாம் ஒதுக்கிவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். திடீரென்று தடை. எனவே பலகைக்கு வெளியிலும் திடீர்த் தடை, பின்னடைவு என்று பொருள் வந்தது. போரில் முன்னேறிய படை ஓரிடத்தில் முட்டி நின்றால் செக். வேட்டை நாய்கள் மோப்பம் தவறி நடுவழியில் திகைத்து நின்றால் அதுவும் செக். வேட்டைக்குப் பழக்கிய பருந்து, குறிவைத்த பறவையை விட்டுவிட்டு குறுக்கே வந்த வேறொன்றின் பின்னால் திரும்பினால் அதற்கும் அந்த நாள் வேட்டைக்காரர்கள் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். அடுத்த படியாக, தானாக வரும் தடையிலிருந்து நாமே போடும் தடைக்கு நகர்ந்தது: அடக்கி வைப்பது, கட்டுக்குள் வைப்பது. குதிரை தலையைத் தாழ்த்தாமல் இருக்கப் பூட்டும் வாருக்கு செக்ரெய்ன் என்று பெயர். கோபத்தை ‘செக்’கில் வைத்துக்கொள் என்பார்கள் ஆங்கிலேயர்கள்.

அரசியலிலும் இது பெரிய சொல். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கியவர்கள் அரசின் ஒரு கை மிஞ்சினால் இன்னொரு கை பிடித்து நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதற்கு ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்று பெயர். அந்தச் சட்டத்தை ஆதரித்து 1788ல் வெளிவந்த கட்டுரைகளில் இந்தச் சிந்தனை விரிவாக அலசப்பட்டிருக்கிறது. மன்னராட்சியே வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவர்கள், அதிகாரத்துக்கு மூக்கணாங்கயிறு போடத் தேர்ந்தெடுத்த சொல்லுக்குள் ஒரு மன்னன் உட்கார்ந்திருந்தான்!

தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு எப்படி வந்தது? இதுதான் பலருக்குப் புரியாத தாவல். ஒரு கணக்கில் தவறோ திருட்டோ நடக்காமல் தடுக்க ஒரே வழி, அதை இன்னொரு கணக்கோடு பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது. ஒத்துப்பார்ப்பதே தடுப்பு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘தவறு புகாமல் தடு’ என்ற பொருள் வழுக்கி ‘ஒப்பிட்டுப் பார்’ என்று ஆகிவிட்டது. இன்றைக்கு நாம் செக் பண்ணு என்று சொல்வதில் தடுப்பு என்ற எண்ணமே இல்லை, வெறும் சரிபார்ப்புதான் மிச்சம். ஆனால் செக்போஸ்டில் பழைய பொருளும் புதிய பொருளும் சேர்ந்தே நிற்கின்றன: முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள், அப்புறம் தாள்களைச் சரிபார்க்கிறார்கள்.

இதே இடத்தில் ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லையும் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அது பிரெஞ்சின் ‘கான்ட்ர் ரோல்’ என்பதிலிருந்து வந்தது. ஒரு கணக்குச் சுருளுக்கு எதிராக வைத்திருக்கும் இரண்டாவது சுருள், அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நகல் கணக்கு. சரிபார்ப்பதில் தொடங்கி அடக்குவதில் போய் முடிந்தது அது. செக் அடக்குவதில் தொடங்கி சரிபார்ப்பதில் முடிந்தது. எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் கடந்து போனதைப் போல.

இனி பலகையின் கிளை. எனக்குப் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காக்குஸ் காய் என்றால், அது நிற்கும் பலகை ஸ்காக்காரியம். பிரெஞ்சில் எஸ்செக்கியே. கட்டம் கட்டமாக இருக்கும் எதற்கும் அந்தப் பெயர் பொருந்தியது. ஆங்கிலத்தில் ‘செக்கர்’ ஆகி, அதன் வால் நறுங்கி கட்டம் போட்ட துணிக்கு ‘செக்’ என்று பெயர் வந்தது. ஆக, செக்ட் சட்டை என்பது ஆட்டத்தின் கூப்பாட்டிலிருந்து வந்ததல்ல, பலகையிலிருந்து வந்தது. கார்ப் பந்தயத்தை முடித்துவைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி, ஏற்றமும் இறக்கமுமாய் மாறி மாறி வந்த ஒருவரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் ‘செக்கர்ட்’ என்று சொல்வது எல்லாம் இந்தக் கட்டங்களே.

ஆனால் அந்தப் பலகை போய்ச் சேர்ந்த மிக உயர்ந்த இடம் இங்கிலாந்தின் கஜானா. பிரிட்டனில் நிதியமைச்சருக்கு ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்று பதவிப் பெயர். எக்ஸ்செக்கர் என்றால் சதுரங்கப் பலகை. ஒரு நாட்டின் நிதித்துறைக்கு ஏன் விளையாட்டுப் பலகையின் பெயர்?

12ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். அன்றைக்கு அங்கே சுழியமும் இல்லை, நாம் இன்று எழுதும் எண்களும் இல்லை. எழுதுவதெல்லாம் ரோமன் எண்கள். அவற்றைக் கீழே கீழே எழுதிக் கூட்டிக் கழிக்க முடியாது. 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற கணக்கு வேறு. மாவட்டம் மாவட்டமாக அரசருக்கு வரி வசூலித்த ஷெரீஃப்கள் ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டருக்கும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்கும், கணக்கு ஒப்படைக்க வர வேண்டும். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்க வராது. அப்படியானால் எல்லோர் கண்ணெதிரிலும் கணக்குப் போட்டுக் காட்ட என்ன வழி?

ஒரு பெரிய மேசை. நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு, மேலே வைப்பது உருண்டு விழாமல் இருக்க. அதன் மேல் ஒரு கறுப்புத் துணி. துணியில் ஓரடிக்கு ஒன்றாகவோ ஒரு சாணுக்கு ஒன்றாகவோ கோடுகள். கோடுகளுக்கு இடையில் வலக்கோடியில் பென்ஸ், அதற்கடுத்து ஷில்லிங், பிறகு பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று இடப்புறமாக ஏறிக்கொண்டே போகும். கணக்கர் வில்லைகளை எடுத்து அந்தந்தக் கட்டத்தில் அடுக்குவார். ஷெரீஃப் கட்ட வேண்டியது ஒரு வரிசை, கட்டியது அதன் கீழே இன்னொரு வரிசை. மேலிருந்து ஒரு வில்லை, கீழிருந்து ஒரு வில்லை என்று எடுத்துக்கொண்டே வருவார். கடைசியில் மேலே ஏதாவது மிஞ்சினால் ஷெரீஃபின் பாடு திண்டாட்டம். ஒரு கட்டத்தில் வில்லையே இல்லாவிட்டால் அதுதான் சுழியம். எழுதத் தெரியாவிட்டாலும் வெறும் இடம் கண்ணுக்குத் தெரியுமே.

இந்த விவரத்தையெல்லாம் அந்தக் கஜானாவின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களின் கடைசியில் லத்தீனில் கேள்வி பதிலாக எழுதிவைத்திருக்கிறார். பெயர்க்காரணமும் அதில் உண்டு. மேசை சதுரங்கப் பலகை போல இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி இருந்து நடுவர்களாகப் பார்க்கிறார்கள் என்பது. பதவியில் இருந்துகொண்டே தன் அலுவலகத்தை இப்படி ஒரு ஆட்டமாகப் பார்க்க முடிந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எக்ஸ்செக்கரின் முன்னால் இருக்கும் ‘எக்ஸ்’ ஒரு மேதாவித்தனத்தால் வந்த பிழை. பிரெஞ்சின் ‘எஸ்’ஸைப் பார்த்த எழுத்தர்கள் அதை லத்தீனின் ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டு தேய்ந்த வடிவம் என்று நினைத்து, திருத்துகிறேன் பேர்வழி என்று ‘எக்ஸ்’ ஆக்கிவிட்டார்கள். உண்மையில் அது நம் ‘இஸ்கூல்’ இகரத்தின் அண்ணன், அவ்வளவுதான்.

மேசையில் கணக்கு முடிந்ததும் ரசீது வேண்டுமே. அதற்கு மரக்குச்சி. கட்டிய தொகைக்கு ஏற்றபடி குச்சியில் வெட்டுக் குறிகள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு. பிறகு குச்சியை நீளவாட்டில் இரண்டாகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரு பாதியிலும் இருக்கும். ஆளுக்கு ஒன்று. பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். ஒரு பாதியில் புதிதாக ஒரு வெட்டுப் போட்டு ஏமாற்ற முடியாது, மறுபாதியில் அது இருக்காதே. செக் பண்ணுவது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் இந்தக் குச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் குச்சி முறை 1826 வரை ஓடியது என்றால் நம்புவீர்களா? வங்கிகளும் அச்சடித்த நோட்டுகளும் வந்து பல தலைமுறை ஆன பிறகும் விடவில்லை. அப்புறம் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை எரித்துவிடலாம் என்று 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டார்கள். புகைபோக்கி தாங்காமல் தீ மேலே ஏறி, நாடாளுமன்றக் கட்டடமே பெரும்பகுதி எரிந்து போனது. இன்று லண்டனில் தேம்ஸ் கரையில் நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகை அதற்குப் பிறகு கட்டியது.

இப்போது இரண்டு கிளைகளும் சந்திக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம்: வங்கிச் செக்.

பணம் கொடுக்கச் சொல்லி வங்கிக்காரருக்குத் தாளில் எழுதிக் கொடுப்பது, செக் என்ற பெயர் வருவதற்கு முன்பே இருந்தது. லண்டனில் 1659ல் நிக்கோலஸ் வனாக்கர் என்பவர் 400 பவுண்டு கொடுக்கச் சொல்லி எழுதிய தாள் இன்றும் இருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் செக் என்று சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், மோசடியைத் தடுப்பதற்காக இந்த மாதிரித் தாள்களோடு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் தங்கிவிடும் துண்டு, கவுண்டர்ஃபாயில். பிளந்த குச்சியின் வேலையை இப்போது கிழித்த தாள் செய்தது. தொகையைத் திருத்தினால் இந்தத் துண்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே இதற்கு ‘செக்’ என்று பெயர். கவனியுங்கள், முதலில் செக் என்று பெயர் பெற்றது நாம் கொடுக்கும் தாள் அல்ல, நம்மிடம் மிஞ்சும் துண்டு. கொஞ்ச நாளில் பெயர் துண்டிலிருந்து தாளுக்குத் தாவிவிட்டது.

அதாவது பொருளால் பார்த்தால் வங்கிச் செக் முதல் கிளையைச் சேர்ந்தது: தடுப்பு, சரிபார்ப்பு. ஆனால் பிரிட்டனில் அதன் கடைசியில் ‘கே’ போடாமல் ‘க்யூ’ போட்டு எழுதுகிறார்கள் அல்லவா? அந்த எழுத்துகள் இரண்டாவது கிளையிலிருந்து, எக்ஸ்செக்கரிலிருந்து கடன் வாங்கியவை. 1828ல் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர் வங்கித் தொழில் பற்றிய தன் புத்தகத்தில், பெரும்பாலோர் ‘கே’ போட்டு எழுதினாலும் தான் ‘க்யூ’ போட்டு எழுதுவதாகச் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்கிறார்: குழப்பம் வராது, கஜானாவின் பெயரோடும் ஒத்துப்போகிறது என்று. அமெரிக்கர்கள் இந்தச் சிரமத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றுக்கும் ‘கே’தான். ஒரே ராஜாவின் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய், பல நூறு வருடம் கழித்து ஒரு வங்கிக் கவுண்டரில் சந்தித்துக்கொண்டதைப் போல எனக்குத் தோன்றும்.

தமிழில் இதற்குக் காசோலை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். கவுண்டர்ஃபாயிலில் வரும் ‘ஃபாயில்’ என்பதும் லத்தீனில் இலை என்ற சொல்லிலிருந்து வந்ததே. அங்கே இலை, இங்கே ஓலை. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சொல் இன்னும் தாராளமாகப் பெருகியது. ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் ஒரே எண் அடித்த இரண்டு பித்தளை வில்லைகள், ஒன்று பெட்டியில், ஒன்று நம் கையில். அதுவும் செக். சாப்பிட்ட பிறகு வரும் பில்லும் அங்கே செக். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கலாம் என்று கொடுத்த துண்டுச் சீட்டு ரெயின் செக். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. இப்போது அழைப்பை நாசூக்காகத் தள்ளிப்போட அந்தத் தொடரைச் சொல்கிறார்கள். ஓட்டலில் செக் இன், செக் அவுட், டாக்டரிடம் செக்கப் என்பவற்றுக்கெல்லாம் தனி விளக்கம் தேவையில்லை, சரிபார்ப்பின் பேரப்பிள்ளைகள். நாம் டிக் அடிப்பது என்று சொல்லும் குறிக்கும் அங்கே செக் என்றே பெயர். ஒரு படிவத்தில் ‘கட்டத்தைச் செக் செய்யவும்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்து, கட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் அடுத்த கேள்விக்குப் போன நாளும் உண்டு. படிவம் திரும்பி வந்தது.

ஒலி ஒற்றுமையைப் பார்த்து இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாதவை சில இருக்கின்றன. எண்ணெய் ஆட்டும் செக்கு நம் சொந்தச் சொல். மாலைச் செக்கர் வானத்தின் ‘செக்கர்’ சிவப்பைக் குறிக்கும் தமிழ். கட்டம் போட்ட செக்கருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செக் நாட்டின் பெயர் அந்த மக்களின் பெயர். ஷேக் என்பது முதியவர், தலைவர் என்று பொருள்படும் அரபுச் சொல், ஷாவோடு சேராது.

மற்ற மொழிகளில் இந்த ‘ஷா’ என்ன ஆனான்? ஜெர்மனில் ஷாஹ், ரஷ்யனில் ஆட்டத்தின் பெயரே ஷாக்மத்தி, அதாவது ‘ஷா மாத்’ அப்படியே. இத்தாலியனில் ஸ்காக்கி. பிரெஞ்சில் பன்மையில் எழுதினால் சதுரங்கம், ஒருமையில் எழுதினால் ‘தோல்வி’. ஸ்பானியர்களோ ராஜாவை விட்டுவிட்டு நம் சதுரங்கத்தையே பிடித்துக்கொண்டார்கள்: அரபியின் ஷத்ரஞ்சிலிருந்து வந்த ‘அஹெத்ரெஸ்’தான் அவர்களிடம் ஆட்டத்தின் பெயர்.

கடைசியாகத் தமிழ். நாம் ஆங்கிலத்திலிருந்து இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது எல்லாக் கிளையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தோம். ஆனால் செய்தித் தலைப்புகளைப் பாருங்கள். ஒரு தலைவர் இன்னொருவரை அசையவிடாமல் செய்துவிட்டால் ‘செக் வைத்தார்’ என்று போடுகிறார்கள்.  ‘வைத்தார்’ என்கிறோம், பலகையின் மேல் குனிந்து ஒரு காயை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்கிறவரைப் போல. எதிரே இருப்பவர் உடனே குனிந்து தன் ராஜாவைத் தேடுகிறார்.